அறுந்துபோன சாவிச் சங்கிலி

2020 மே 27 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-இன் புதிய பதிப்பு ஒன்றை வெளியிட்டது. அந்தப் பதிப்புக்கு 2004 என்று பெயர். அதை நிறுவியவர்களில் ஒரு பகுதியினரிடமிருந்து ஒரே மாதிரியான புகார்கள் வரத் தொடங்கின. குரோம் உலாவியில் சேமித்துவைத்த கடவுச்சொற்களைக் காணவில்லை. அவுட்லுக் திறக்கும்போதெல்லாம் மின்னஞ்சல் கடவுச்சொல்லைக் கேட்கிறது. சரி, மறுபடி தட்டச்சு செய்து சேமித்துவிடலாம் என்றால், கணினியை அணைத்துப் போட்டதும் அதுவும் மறைந்துவிடுகிறது. குரோமை நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவியும் பயனில்லை.

ஒரு நிரல் மட்டும் மறந்தால் அந்த நிரலைச் சந்தேகிக்கலாம். குரோமும் அவுட்லுக்கும் வெவ்வேறு நிறுவனங்களின் வெவ்வேறு குழுக்கள் எழுதியவை. இரண்டும் ஒரே நேரத்தில் மறந்தன என்றால், இரண்டும் சாய்ந்து நிற்கும் ஏதோ ஒன்று கீழே ஆட்டம் கண்டிருக்கிறது என்று பொருள். அது என்ன என்பது புரிந்துவிட்டால், கணினியை மேம்படுத்திய பின் கடவுச்சொற்கள் காணாமல் போகும் மற்றப் பெரும்பாலான கதைகளும் புரிந்துவிடும். அதைவிட முக்கியமாக, பதற்றத்தில் நாமே அவற்றை நிரந்தரமாக அழித்துவிடாமல் இருக்கலாம்.

முதலில் அந்தக் கடவுச்சொற்கள் இருக்கும் இடம். குரோம் அவற்றை நம் வன்தட்டிலேயே, ‘லாகின் டேட்டா’ என்ற கோப்பில் வைக்கிறது. அது ஒரு சாதாரண தரவுத்தளக் கோப்பு. எந்த இணையதளம், என்ன பயனர்பெயர் என்பதையெல்லாம் யாரும் திறந்து படிக்கலாம். கடவுச்சொல் மட்டும் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். 2020 பிப்ரவரியில் வந்த 80-ஆம் பதிப்பிலிருந்து விண்டோஸில் இதற்கு ஏ.இ.எஸ். என்ற முறையை, 256 பிட் நீளமுள்ள சாவியோடு குரோம் பயன்படுத்துகிறது. அத்தனை நீளமுள்ள சாவிகள் எத்தனை சாத்தியம் என்று எண்ணினால், 1 போட்டு 77 சுழியங்கள் போடும் எண்ணுக்குச் சற்று மேலே வரும். ஊகித்துப் பிடிப்பது நடவாத காரியம்.

அந்தச் சாவியை எங்கே வைப்பது? கடவுச்சொற்களின் பக்கத்திலேயே வைத்தால் மறையாக்கம் செய்ததற்கே அர்த்தமில்லை. ஆகவே குரோம் அதை விண்டோஸிடம் கொடுத்து இன்னொரு முறை மறையாக்கி வாங்கி, ‘லோக்கல் ஸ்டேட்’ என்ற வேறொரு கோப்பில் வைக்கிறது. இந்த வேலையைச் செய்து தருவது டி.பி.ஏ.பி.ஐ. எனப்படும் விண்டோஸின் உட்பகுதி. 2000-ஆம் ஆண்டு விண்டோஸ் 2000-உடன் வந்தது. ஒவ்வொரு பயனருக்கும் ‘மாஸ்டர் கீ’ என்றொரு தலைமைச் சாவியை இது உருவாக்கி, பயனர் கோப்புறைக்குள் ‘புரொடெக்ட்’ என்ற மறைவான இடத்தில் வைக்கிறது. ஏறக்குறைய 90 நாள்களுக்கு ஒருமுறை புதிய தலைமைச் சாவி பிறக்கும்; பழையவற்றையும் தூக்கி எறியாமல் வைத்துக்கொள்ளும். சரி, இந்தத் தலைமைச் சாவியைப் பூட்டுவது எது? கணினிக்குள் நுழைய நாம் தட்டச்சு செய்கிறோமே, அந்தக் கடவுச்சொல். அதை ஆயிரக்கணக்கான சுற்று கணக்கிட்டு அரைத்து எடுக்கும் எண்தான் கடைசிப் பூட்டைத் திறக்கிறது.

பீரோ சாவி மரப்பெட்டியில், மரப்பெட்டியின் சாவி அஞ்சறைப் பெட்டியில் என்று வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அதே அமைப்புதான் இது. நடுவில் ஒரு சாவி தொலைந்தால் பீரோவுக்குள் நகைகள் அப்படியே இருக்கும். ஆனால் கைக்கு எட்டாது.

ஏன் உடைந்த எழுத்துகளோ அரைகுறைச் சொற்களோ தெரிவதில்லை, ஏன் ஒட்டுமொத்தமாக ‘இல்லை’ என்றே காட்டுகிறது என்று பலர் கேட்பார்கள். மறையாக்கப்பட்ட ஒவ்வொரு கடவுச்சொல்லோடும் 16 பைட் நீளமுள்ள ஒரு சரிபார்ப்புக் குறியும் சேர்ந்தே இருக்கிறது. தவறான சாவியால் திறக்க முயன்றால் குறி பொருந்தாது. உடனே கணக்கீடு நின்றுவிடும், எதுவும் வெளியே வராது. உலாவிக்குக் காட்ட ஒன்றுமில்லை, ஆகவே காலிப் பட்டியலைக் காட்டுகிறது. பயனர் பார்வைக்கு அழிந்ததும் திறக்க முடியாததும் ஒன்றுபோலவே தெரிகின்றன. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பெரும்பாலான சேதம் தொடங்குகிறது.

இப்போது நுழைவுக் கடவுச்சொல்லுக்கு வருவோம். அது ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள் செய்கிறது. ஒன்று, ‘வந்திருப்பது நான்தான்’ என்று கணினியை நம்பவைப்பது. இரண்டாவது, தலைமைச் சாவியைத் திறக்கும் எண்ணைச் செய்வதற்கான மூலப்பொருளாக இருப்பது. முதல் வேலைக்கு மாற்று உண்டு. விரல் ரேகை வைக்கலாம், நிர்வாகி உள்ளே விடலாம், கடவுச்சொல்லே கேட்காமல் தானாக நுழையும்படி அமைக்கலாம். இரண்டாவது வேலைக்கு அப்படி எளிதாக மாற்று கிடையாது. மூலப்பொருள் இல்லையென்றால் எண் இல்லை. எண் இல்லையென்றால் சாவி இல்லை.

விண்டோஸில் உள்ளூர்க் கணக்கு வைத்திருப்பவர் தன் கடவுச்சொல்லைத் தானே மாற்றிக்கொள்வதற்கும், நிர்வாகி அதை ‘ரீசெட்’ செய்வதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. தானே மாற்றும்போது பழையதையும் கேட்கிறார்கள் அல்லவா? அந்தப் பழைய கடவுச்சொல்லால் தலைமைச் சாவியைத் திறந்து, புதியதால் மறுபடி பூட்டிவைக்கிறது டி.பி.ஏ.பி.ஐ. நிர்வாகி ரீசெட் செய்யும்போது பழையதை யாரும் கொடுப்பதில்லை. பயனர் உள்ளே நுழைந்துவிடுவார், மேசையில் எல்லாக் கோப்புகளும் இருக்கும், ஆனால் தலைமைச் சாவி பழைய கடவுச்சொல்லின் பூட்டிலேயே கிடக்கும். மேம்படுத்தும்போது நுழைய முடியாமல் போய், பழுதுபார்ப்பவர் ‘பாஸ்வேர்டை ரீசெட் பண்ணிக் கொடுத்துட்டேன்’ என்று திருப்பித் தரும் கணினிகளில் இதுதான் நடந்திருக்கும். நல்ல செய்தி என்னவென்றால், பழைய கடவுச்சொல் நினைவிலிருந்து அதையே மீண்டும் வைத்துவிட்டால் பூட்டு திறக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமலேயே ஏராளமானோர் எல்லாம் போய்விட்டது என்று கைவிட்டுவிடுகிறார்கள்.

2004 பதிப்பின் புதிருக்கு விடையும் இந்த இரட்டை வேலையில்தான் இருந்தது. விண்டோஸில் குறித்த நேரத்தில் தானாக ஓடும் பணிகளைக் கவனிக்க ‘டாஸ்க் ஷெட்யூலர்’ என்றொரு பகுதி உண்டு. சில பணிகள் பயனரின் பெயரில், ஆனால் அவருடைய கடவுச்சொல்லைச் சேமித்துவைக்காமலேயே ஓடும்படி அமைக்கப்பட்டிருக்கும். இந்த வகைக்கு எஸ்4யூ என்று பெயர். ‘இவர் இன்னார்’ என்று விண்டோஸே ஏற்றுக்கொண்டு பணியைத் தொடங்கிவைக்கும். கடவுச்சொல் இல்லை, ஆகவே சாவிக்கான மூலப்பொருளும் இல்லை. இதில் தவறில்லை, அந்த வகையின் இயல்பே அதுதான். 2004 பதிப்பிலிருந்த ஒரு வழுவால், இத்தகைய பணி ஓடும்போது, உண்மையான பயனர் நுழைந்தபோது எல்சாஸ் என்ற பாதுகாப்புப் பகுதி தன் நினைவகத்தில் வைத்திருந்த சான்றும் சேர்ந்து அழிந்துபோனது. அதன்பின் குரோம் வந்து ‘என் சாவியைத் திறந்து கொடு’ என்றால் விண்டோஸ் கையை விரித்தது.

அப்படிப்பட்ட பணிகளைக் கண்டறிய பவர்ஷெல்லில் இடவேண்டிய கட்டளையை மைக்ரோசாஃப்ட் ஒரு குறிப்பில் வெளியிட்டது. கண்டுபிடித்த பணியை முடக்கிவிட்டு, கணினியை மறுதொடக்கம் செய்து, கடவுச்சொற்களை ஒரே ஒருமுறை திரும்பக் கொடுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக அந்தக் குறிப்பு சொன்னது, ஹெச்.பி. கணினிகளில் வாடிக்கையாளர் பயன்பாட்டுத் தகவலுக்காக வைத்திருந்த ஒரு பணியை. உலாவிக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. உலாவிக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தவர்கள் எத்தனை மாதம் தேடினாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. நோயின் அறிகுறி தெரியும் இடமும் நோய் இருக்கும் இடமும் வேறாக இருப்பதற்கு இதைவிடத் தெளிவான கணினி எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை.

திறக்க மறுத்த விண்டோஸோடு குரோம் என்ன செய்கிறது என்பதும் முக்கியம். லோக்கல் ஸ்டேட்டில் இருக்கும் சாவியை டி.பி.ஏ.பி.ஐ. திறந்து தராவிட்டால், குரோம் புதிதாக ஒரு சாவியை உருவாக்கி அதே இடத்தில் எழுதிவிடும்படி அதன் நிரல் எழுதப்பட்டிருந்தது. நிரலாளரின் நோக்கம் புரிகிறது. பயனர் வேலையைத் தொடர வேண்டும், இனி சேமிப்பவையாவது பாதுகாப்பாக இருக்க வேண்டும். ஆனால் பழைய சாவி இருந்த இடத்தில் புதியது எழுதப்பட்ட நொடியில், அதுவரை ‘திறக்க முடியாத’ நிலையிலிருந்த கடவுச்சொற்கள் ‘அழிந்த’ நிலைக்குப் போய்விடுகின்றன. பிறகு விண்டோஸ் சரியானாலும் பயனில்லை. காணாமல் போனது தெரிந்ததும் உலாவியைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பதை நான் அஞ்சுவது இதனால்தான்.

லினக்ஸிலும் மேக்கிலும் கதையின் எலும்புக்கூடு இதேதான். உபுண்டு போன்ற க்னோம் மேசைத்தளங்களில் ‘கீரிங்’ என்ற சாவிவளையம், கே.டி.இ.-யில் ‘கே-வாலட்’. நுழைவின்போது தட்டச்சு செய்த கடவுச்சொல் பின்னணியில் சாவிவளையத்துக்கும் கொடுக்கப்பட்டு, அதுவும் சேர்ந்து திறந்துகொள்கிறது. தானியங்கி நுழைவை இயக்கினால், அல்லது விரல் ரேகையால் நுழைந்தால், கொடுக்க ஒன்றுமில்லாததால் வளையம் பூட்டியே இருக்கும். உலாவியைத் திறந்ததும் ஒரு சின்னப் பெட்டி வந்து கடவுச்சொல் கேட்கும். பலர் அதை வைரஸ் என்று பயப்படுகிறார்கள். மேம்படுத்தும்போது நுழைவுக் கடவுச்சொல் வேறு வழியில் மாற்றப்பட்டிருந்தால், இரண்டும் ஒத்துப்போகவில்லை என்ற அறிவிப்பு வரும். அங்கே கேட்பது பழைய கடவுச்சொல்லை. புதியதைப் பத்துமுறை தட்டினாலும் ஏற்காது.

குரோம் லினக்ஸில் இன்னொரு விசித்திரம் செய்யும். எந்த மேசைத்தளத்தில் ஓடுகிறோம் என்று பார்த்து, க்னோம் என்றால் கீரிங்கிலும், கே.டி.இ. என்றால் கே-வாலட்டிலும் தன் சாவியைத் தேடும். மேம்படுத்தும்போது மேசைத்தளமும் மாறியிருந்தால் தவறான வளையத்தில் தேடி வெறுங்கையோடு திரும்பும். பழைய மேசைத்தளத்தில் ஒருமுறை நுழைந்து பார்த்தால் கடவுச்சொற்கள் அங்கே அப்படியே இருக்கும். இரண்டு வளையமும் இல்லாத கணினியில் ‘பீநட்ஸ்’, அதாவது வேர்க்கடலை என்ற நிலையான சொல்லையே மூலப்பொருளாக வைத்து மறையாக்குகிறது. மூல நிரல் எல்லோரும் படிக்கக் கிடைப்பதால் இது ரகசியமே இல்லை. அத்தகைய கணினியில் சேமித்த கடவுச்சொல் ஏறக்குறைய வெளியில் எழுதிவைத்ததற்குச் சமம்.

மேக் இதில் கொஞ்சம் கருணையோடு நடந்துகொள்கிறது. 1999-இல் மேக் ஓ.எஸ். 8.6 காலத்திலிருந்தே அங்கே ‘கீசெயின்’ இருக்கிறது. நுழைவுக் கடவுச்சொல் ரீசெட் ஆனபின் புதிய கீசெயினை உருவாக்கச் சொன்னால், பழையதை அழிக்காமல் வேறு பெயரிட்டு அதே கோப்புறையில் வைத்துவிடுகிறது. பழைய கடவுச்சொல் என்றைக்காவது நினைவுக்கு வந்தால் திறந்துகொள்ளலாம். இப்படிப்பட்ட வடிவமைப்பை எல்லா இயங்குதளங்களும் பின்பற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வன்தட்டில் ஒரு சிறு கோப்புக்கு இடம் ஒதுக்குவது பெரிய செலவே அல்ல.

ஃபயர்ஃபாக்ஸ் இந்தச் சங்கிலியில் பெரும்பாலும் சேராத உலாவி. தன் சாவியை ‘கீ4.டி.பி.’ என்ற கோப்பிலும், மறையாக்கிய கடவுச்சொற்களை ‘லாகின்ஸ்.ஜேசன்’ என்ற கோப்பிலும், ஒரே சுயவிவரக் கோப்புறைக்குள் தானே வைத்துக்கொள்கிறது. முதன்மைக் கடவுச்சொல் ஒன்றை நாம் வைக்காவிட்டால், இரண்டு கோப்புகளும் கையில் இருக்கும் யாரும் திறந்துவிடலாம். பாதுகாப்பு நோக்கில் இது பலவீனம். ஆனால் கணினியை முழுக்க ஃபார்மட் செய்து புதிதாக நிறுவியவருக்கு, இந்த இரண்டு கோப்புகளையும் எடுத்துவைத்திருந்தால் போதும். ஒன்றை மட்டும் எடுத்தால் ஒன்றுக்கும் உதவாது. குரோமின் கோப்புகளை இப்படி நகலெடுத்துப் புதிய விண்டோஸில் போட்டால் திறக்காது. புதிய கணக்கின் தலைமைச் சாவி வேறு.

ஃபயர்ஃபாக்ஸிலும் ஒருமுறை குழப்பம் நேர்ந்தது. 2019 மே மாதம் வந்த 67-ஆம் பதிப்பு, கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட ஃபயர்ஃபாக்ஸ் நிறுவப்பட்டிருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிச் சுயவிவரம் தரத் தொடங்கியது. சிலர் திறந்தபோது காலியான புதிய சுயவிவரம் வந்து நின்றது. கோப்பும் பத்திரம், சாவியும் பத்திரம். உலாவி பார்த்துக்கொண்டிருந்த கோப்புறைதான் வேறு. முகவரிப் பட்டியில் ‘அபவுட்’ என்ற சொல்லும் முக்காற்புள்ளியும் ‘புரொஃபைல்ஸ்’ என்ற சொல்லும் ஆங்கிலத்தில் இட்டால் எல்லாச் சுயவிவரங்களும் வரிசையாகத் தெரியும். பழையதைத் தேர்ந்து முதன்மையாக்கினால் முடிந்தது.

கோப்பு, சாவி, இடம் எல்லாம் சரியாக இருந்தும் காட்டாமல் போவதும் உண்டு. 2024 ஜூலை இறுதியில் விண்டோஸில் குரோமின் 127-ஆம் பதிப்பை வைத்திருந்த பலரால் தங்கள் கடவுச்சொற்களைப் பார்க்கவோ புதிதாகச் சேமிக்கவோ முடியவில்லை. கிட்டத்தட்ட 18 மணி நேரம் நீடித்தது. கூகுள் சொன்ன கணக்கின்படி, அந்த மாற்றம் போய்ச் சேர்ந்த 25 விழுக்காட்டுப் பயனர்களில் சுமார் 2 விழுக்காட்டினர் பாதிக்கப்பட்டனர். பிழை கூகுளின் பக்கம். அங்கே திருத்தியதும், உலாவியை மூடித் திறந்தவர்களுக்கு எல்லாம் திரும்பி வந்தது. அந்த 18 மணி நேரத்தில் பொறுமையிழந்து சுயவிவரத்தை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியவருக்கு, கூகுள் கணக்கோடு ஒத்திசைவும் இல்லாதிருந்தால், திரும்பி வர எதுவும் மிஞ்சியிருக்காது.

ஆகவே காணவில்லை என்று தெரிந்ததும் முதல் வேலை உலாவியை மூடுவது. அடுத்தது, அதன் சுயவிவரக் கோப்புறை முழுவதையும் ஒரு பென்டிரைவுக்கு நகலெடுப்பது. விண்டோஸில் குரோம் என்றால் லோக்கல் ஸ்டேட் கோப்பையும், மறைவாக இருக்கும் புரொடெக்ட் கோப்புறையையும் சேர்த்தே எடுக்க வேண்டும். அவை இல்லாமல் லாகின் டேட்டா வெறும் எண்குவியல். இந்த நகல் கையில் இருந்தால் அதன்பின் எந்தச் சோதனையையும் துணிந்து செய்யலாம்.

நகலெடுத்த பின், பாதிக்கப்பட்டது உலாவி மட்டுமா, மின்னஞ்சல் நிரலும் வைஃபையும் கூடக் கடவுச்சொல் கேட்கின்றனவா என்று பாருங்கள். பலவும் ஒன்றாகக் கேட்டால் இயங்குதளத்தின் சங்கிலியில் கோளாறு. உலாவியை நோண்டிப் பயனில்லை. உலாவி மட்டும் என்றால் சரியான சுயவிவரத்தில்தான் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மேம்படுத்தலின் போது நுழைவுக் கடவுச்சொல் மாறியதா, யார் மாற்றினார்கள், நாமா, பழுதுபார்த்தவரா? மாறியிருந்தால் பழையதை நினைவுபடுத்திக்கொள்வதுதான் வேறெந்த மென்பொருளையும்விடப் பெரிய உதவி. பழைய வன்தட்டும் பழைய விண்டோஸ் கடவுச்சொல்லும் இரண்டும் இருந்தால், அவற்றிலிருந்து உலாவிக் கடவுச்சொற்களை மீட்டுத் தரும் சிறு கருவிகள் உண்டு. கடவுச்சொல் தெரியாமலே மீட்டுத் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

விண்டோஸை மேல்நிறுவல் செய்தால் பழைய அமைப்பு ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்ற கோப்புறையில் பொதுவாக 10 நாள் இருக்கும். அதற்குள் முந்தைய பதிப்புக்கே திரும்பிப் போகவும் வழி தருகிறார்கள். அந்த அவகாசம் முடிந்ததும் விண்டோஸே அதை அழித்துவிடும்; இடம் போதவில்லை என்று ‘டிஸ்க் கிளீனப்’ ஓட்டினால் அதற்கு முன்பே போய்விடக்கூடும். ஏதாவது காணவில்லை என்ற சந்தேகம் இருக்கும்வரை அதைத் தொட வேண்டாம்.

இதற்கெல்லாம் இடம் வைக்காமல், மேம்படுத்தும் முன்பே செய்யக்கூடியது அதிகம் போனால் ஒரு மணி நேர வேலை. ஒத்திசைவு இயக்கத்தில் இருக்கிறதா என்று வேறொரு கருவியில், கைப்பேசியில் என்றாலும் சரி, கடவுச்சொல் பட்டியலைத் திறந்து நேரில் பார்த்துவிடுங்கள்; அமைப்புகள் பக்கத்தில் ‘இயக்கத்தில்’ என்று இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். பெரும்பாலான உலாவிகள் கடவுச்சொற்களை சி.எஸ்.வி. கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதி தருகின்றன. அந்தக் கோப்பில் எந்த மறையாக்கமும் இல்லை, யார் திறந்தாலும் படிக்கலாம். ஆகவே அதைக் கணினியில் விடாமல் பென்டிரைவில் வைத்து, மேம்படுத்தி முடிந்து எல்லாம் இருக்கிறது என்று பார்த்ததும் அழித்துவிட வேண்டும், குப்பைத்தொட்டியிலிருந்தும் சேர்த்து. வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் உரிய கடவுச்சொற்களை மட்டும் ஒரு தாளில் எழுதி வீட்டில் பத்திரமாக வைப்பதிலும் தவறில்லை. மற்ற எல்லாக் கடவுச்சொற்களையும் மீட்கும் கடிதம் அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும் என்பதால், அந்த ஒன்றையாவது இன்றைக்கே எழுதிவைத்துவிடுங்கள்.